சம்ப் சோதனை: கணினிக் கணக்கா, கண்ணாடித் தொட்டியா?

கோவையில் பம்பைப் பற்றிப் பேச ஆள் தேடவே வேண்டாம். இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) வளைவு, மோட்டார் திறன், பேரிங் என்று விடிய விடியப் பேசுவார்கள். அந்த பம்புக்குத் தண்ணீர் எப்படி வந்து சேர்கிறது என்ற பேச்சு மட்டும் கடைசியில்தான் வரும், பெரும்பாலும் பம்ப் அதிர ஆரம்பித்த பிறகு. சம்ப்பில், அதாவது பம்ப் நீரை உறிஞ்சும் கான்கிரீட் குழியில், சுழி விழுந்து காற்றை இழுத்தால், எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் இரையும், நீர் அளவு குறையும், பேரிங் சீக்கிரம் போகும். அதற்குப் பிறகு கான்கிரீட்டை இடிக்க யாருக்கும் மனம் வராது.

கட்டுவதற்கு முன்பே சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிஎஃப்டி என்று நாங்கள் சொல்லும் கணினிப் பாய்வுக் கணக்கு. மற்றொன்று, சம்ப்பைச் சிறிய அளவில் அக்ரிலிக்கில் செய்து நிஜத் தண்ணீரை ஓடவிடும் மாதிரிச் சோதனை; சுருக்கமாகத் தொட்டி. இரண்டுமே நான் செய்திருக்கிறேன். சம்ப் விஷயத்தில் கடைசித் தீர்ப்பைத் தொட்டிதான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. கணினி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் இடம் வேறு.

முதலில் தொட்டி. மெல்லிய குழாய் வழியாகப் பெல்மவுத்துக்கு (பம்ப் குழாயின் மணிபோல் விரிந்த வாய்) அடியில் ஒரு சொட்டு சாயம் விடுவோம். பாய்வு சீராக இருந்தால் சாயம் புகைபோல் கலைந்து உள்ளே போகும். தரையில் சுழி இருந்தால் அதே சாயம் முறுக்கிய நூலாகத் தரையிலிருந்து எழுந்து நிற்கும். அதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். பம்ப் நீரை உறிஞ்சும் குழாய்க்குள் நான்கு தகடு வைத்த சின்னச் சக்கரம் ஒன்றும் இருக்கும். நீர் எவ்வளவு சுழன்றபடி ஏறுகிறது என்பதை அதன் சுற்றுகளை எண்ணிக் கணக்கிடுவோம். அமெரிக்க ஹைட்ராலிக் இன்ஸ்டிடியூட்டின் 9.8 தரநிலைப்படி சராசரிச் சுழற்சிக் கோணம் 5 டிகிரியைத் தாண்டக்கூடாது. 150 மி.மீ. குழாயில் நீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஏறினால், சக்கரம் நிமிடத்துக்கு 11 சுற்று வந்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். சக்கரம் மெதுவாகத்தானே சுற்றுகிறது என்று அலட்சியமாக விட்டால் தப்பாகப் போகும்.

தொட்டிக்கும் குறை உண்டு. எல்லாவற்றையும் ஃப்ரூட் விதிப்படி, அதாவது நீர் வேகமும் ஈர்ப்பு விசையும் அதே விகிதத்தில் ஒத்துப்போகும்படி, சுருக்குகிறோம், ஆனால் நீரின் பாகுத்தன்மையும் பரப்பு இழுவிசையும் நம்மோடு சேர்ந்து சுருங்குவதில்லை. 1 மீட்டர் பெல்மவுத், வாயில் நொடிக்கு 1.7 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:10 அளவில் மாதிரி செய்தால், 20 டிகிரி நீரில் ரெனால்ட்ஸ் எண் (இது குறைந்தால் பாகுத்தன்மையின் பாதிப்பு கூடும்) சுமார் 54,000தான் வரும். தரநிலை கேட்பது குறைந்தது 60,000. எனவே 1:8 போல இன்னும் பெரிய மாதிரிக்குப் போக வேண்டும். தொட்டி பெரிதாகும், செலவு கூடும், நாளும் கூடும். புனே பக்கம் கடக்வாஸ்லாவில் இருக்கும், 1916இல் தொடங்கிய மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களுக்கு இது அன்றாட வேலை. சின்ன ஒப்பந்ததாரருக்கு அப்படி இல்லை.

கணினியின் பலம் அங்கேதான் தெரியும். தடுப்புச்சுவரை அரை மீட்டர் தள்ளிப் பார்க்க வேண்டுமா? மெஷ்ஷை (கணக்குக்காகப் பாய்வைப் பிரிக்கும் சிறு கட்டங்களை) மாற்றி ராத்திரி ஓடவிட்டால் காலையில் பதில் இருக்கும். அணுகு கால்வாயில் நீர் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த மூலையில் தேங்குகிறது என்பதையெல்லாம் நன்றாகவே காட்டும். ஓப்பன்ஃபோம் இலவசம் என்பதால் மென்பொருள் செலவு ஒரு சாக்கே இல்லை. பம்புக்குள்ளே, அதாவது இம்பெல்லர் வடிவமைப்பில், உச்சத் திறன் புள்ளியை, அதாவது பம்ப் மிகச் சிறப்பாக வேலை செய்யும் நீர் அளவை, ஒட்டிய இடத்தில் நான் கணினியையே நம்புவேன். பாதி நீர் அளவுக்கு வந்துவிட்டால் அங்கேயும் நம்பிக்கை குறையும்.

சம்ப்பில் சிக்கல் வேறு. சுழி நிலையாக நிற்பதில்லை. வரும், அலையும், மறையும். நிலையான பாய்வு என்று வைத்துப் போடும் கணக்கு இதையெல்லாம் சராசரியாக்கி அழித்துவிடும். நேரத்தோடு மாறும் கணக்காகப் போட்டால், 10 நிமிடப் பாய்வுக்கு 0.005 நொடி இடைவெளியில் 1,20,000 படிகள். மேற்பரப்பிலிருந்து இறங்கும் காற்றுக்குழல் சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதைப் பிடிக்க மெஷ் அதைவிடப் பொடியாக வேண்டும். தொட்டியில் அதே 10 நிமிடத்துக்கு ஒரு ஸ்டூலும் கடிகாரமும் போதும்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். ஒரு ஆற்றோர நீரேற்று நிலையத்துக்கு மூன்று பம்ப். மூன்றும் ஓடும் நிலைக்கு நாங்கள் போட்ட நிலையான கணக்கில் படம் அழகாக வந்தது. தொட்டியில் நடுப் பம்பை நிறுத்தியதும் ஓரப் பம்பின் அடியில் சாய நூல் எழுந்தது. ஒரு நிமிடம் இருக்கும், போய்விடும், மறுபடி வரும். நடுப் பம்ப் நிற்க மற்ற இரண்டும் ஓடும் அந்தக் கூட்டணியை நாங்கள் கணினியில் ஓட்டிப் பார்க்கவே இல்லை, தவறு எங்களுடையது. பிறகு பெல்மவுத்துக்கு நேர் கீழே வைக்க நான்கு விதக் கூம்பு வரைந்து, கணினியில் ஒப்பிட்டு, ஒன்றை மட்டும் செய்து தொட்டியில் வைத்தோம். நூல் எழவில்லை.

சின்ன நிலையங்களுக்கு இரண்டுமே தேவைப்படாமல் போகலாம். ஒரு பம்புக்கு மணிக்கு 9,100 கன மீட்டர் அல்லது நிலையம் முழுக்க 22,700 கன மீட்டர் தாண்டினால் மாதிரிச் சோதனை கட்டாயம் என்கிறது அதே 9.8. வழக்கத்துக்கு மாறான வடிவம் என்றால் அளவு சிறிதானாலும் தப்ப முடியாது. மற்றபடி தரநிலை சொல்லும் வடிவத்தையும் இடைவெளிகளையும் அப்படியே எடுத்து, நீர்மட்ட ஆழத்தை மட்டும் கஞ்சத்தனம் இல்லாமல் கொடுத்தால் போதும். மேலே சொன்ன 1 மீட்டர் பெல்மவுத்துக்கு அதன் வாய்க்கு மேல் குறைந்தது 2.25 மீட்டர் நீர் நிற்க வேண்டும்.

யாராவது வண்ணப்படங்களோடு சிஎஃப்டி அறிக்கை கொண்டுவந்தால் படத்தைப் பிறகு பாருங்கள். எந்தெந்தப் பம்ப் கூட்டணிகளை ஓட்டினீர்கள், மிகக் குறைந்த நீர்மட்டத்தில் ஓட்டினீர்களா, கணக்கு நேரத்தோடு மாறியதா, பெல்மவுத்துக்கு அடியில் மெஷ் எவ்வளவு பொடி என்று முதலில் கேளுங்கள்.