பழைய வீட்டில் புதிய சமையலறை: ஏழு ஆண்டுப் புழக்கத்துக்குப் பின்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது எங்கள் வீடு. தெருவில் திண்ணை, உள்ளே முற்றம், கீழே தமிழ்க் கட்டுமானம், மாடியில் பிரெஞ்சுச் சாயல் என்று அப்பகுதியின் பல பழைய வீடுகளைப் போன்றதுதான். பின்கட்டில் இருந்த புகை படிந்த அடுக்களையை 2018இல் மாற்றியமைத்தோம். அதில் ஏழு ஆண்டுகள் சமைத்துவிட்ட நிலையில், எது நிலைத்தது, எது ஏமாற்றியது என்று சொல்லலாம் என நினைக்கிறேன்.

முதலில் சுவர். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய அந்த ஒன்றரை அடிச் செங்கல் சுவருக்கு அடியில், ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் மேலேறும், சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் உலர்ந்துவிடும். சிங்க் வரும் இடத்தில் மட்டும், தண்ணீர் படுமே என்று கொத்தனார் சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டினார், நானும் தலையாட்டினேன். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள், டைல்ஸுக்கு மேலே அதுவரை பழுதில்லாமல் இருந்த பகுதியில் உப்புப் பூத்து, காரை உதிரத் தொடங்கியது. வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறியிருந்தது. டைல்ஸ் அனைத்தையும் பெயர்த்து, மீண்டும் சுண்ணாம்புக் காரை பூசி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ஒரு கடப்பைக் கல் பலகையை நிறுத்திய பிறகே அந்தச் சிக்கல் ஓய்ந்தது. இடைவெளியில் காற்று புகுகிறது. கரப்பான் பூச்சியும் புகுகிறது என்பதை மறைக்கப் போவதில்லை.

இந்தப் பாடத்துக்கு முன்பே, தற்செயலாக, ஒரு முடிவைச் சரியாக எடுத்திருந்தோம்: மாடுலர் பெட்டிகள் எதையும் சுவரில் தொங்கவிடவில்லை. உச்சியிலிருந்து தரைக்கு வருவதற்குள் ஒன்றரை அங்குலம் சாய்ந்துவிடும் சுவரோடு நேர்க்கோட்டில் அறுத்த பெட்டி ஒட்டாது. பழைய சாந்தில் திருகாணியும் நெடுநாள் பிடிக்காது. ஆகவே கிரானைட் மேடையைத் தனி எவர்சில்வர் சட்டத்தின் மேல் அமர்த்தி, அதன் அடியில் சக்கரம் வைத்த பெட்டிகளைத் தள்ளி வைத்தோம். மேல் அலமாரிக்குப் பதிலாகப் பழைய மாடங்களும் பரணும் போதுமானவையாக இருக்கின்றன. ஆனால் பெட்டிகளின் பொருளில் சிக்கனம் பார்த்தது தவறு. கடற்காற்றில் டிராயர் சானல்கள் இரண்டே ஆண்டில் துருப்பிடித்து இறுகின; துகள் பலகையின் விளிம்புகள் ஊறி உப்பின. இப்போது இருப்பவை 304 தர எவர்சில்வர் சானல்களும் மரைன் பிளைவுட்டும்.

சிம்னி விஷயத்தில் முழு மனநிறைவு. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளத்தைத் துளையிட யாருக்கும் மனம் வரவில்லை. விறகடுப்புக் காலத்துப் புகைக்கூண்டு அப்படியே இருந்ததால், ஆறு அங்குலக் குழாயை அதற்குள்ளேயே ஏற்றிவிட்டோம். உத்தரங்களில் எண்ணெய்ப் பிசுக்கு படிவதில்லை. உயரமான கூரையின் கீழ் அதன் இரைச்சல் எதிரொலிப்பது மட்டுமே குறை. சிம்னி ஓடும்போது கூடத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் கேட்காது.

மின்கம்பிகளைப் புதிதாக இழுக்காமல் தொடங்கவே கூடாது. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி இணைப்பு வேண்டும். வெளிச்சத்தை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்: பின்முற்றத்து ஜன்னல் நான்கு மணிக்கே மங்கிவிடுகிறது, மேடையின் மேல் இன்னும் இரண்டு விளக்குகள் வைத்திருக்க வேண்டும்.

பராமரிப்பு வேலை குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் பெட்டிகளை வெளியே இழுத்து, சுவரைத் துடைப்பத்தால் தேய்த்து, சுண்ணாம்பு அடிக்கிறோம். இரண்டு பேருக்கு ஒரு முழு நாள் பிடிக்கிறது.