மீட்டர் கணக்கில் விற்கும் ஆர்9 பெட்ரோல் ஹோஸ்: பழைய எம்ஜிபிக்கு வாங்கலாமா?

புதுச்சேரியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் "பெட்ரோல் டியூப் ரெண்டு மீட்டர்" என்று கேட்டால், திரும்பி வரும் கேள்வி ஒன்றுதான்: ஆறு மிமீயா, எட்டா? எந்த வண்டி, என்ன பிரஷர், எந்த ரப்பர் என்ற பேச்சே வராது. பைக்குக்கும் ஜெனரேட்டருக்கும் வெட்டித் தரும் அதே சுருளில்தான் ஐம்பது வருஷப் பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கும் வெட்டு விழும். மாட்டிய அன்று அது ஒழுகாது. அதனால்தான் அதை நம்பிவிடுகிறார்கள்.

இங்கே எடைபோடுவது மீட்டர் கணக்கில் கிடைக்கும் மூன்று வகை ஹோஸ்களை. ஒன்று, மேலே எந்த எழுத்தும் இல்லாத கறுப்பு டியூப். இரண்டாவது, எஸ்ஏஇ ஜே30 என்ற பெட்ரோல் ஹோஸ் தர வரிசையில் ஆர்7 என்று அச்சிட்டது. மூன்றாவது, அதே வரிசையில் ஆர்9. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: விலை பல மடங்கு ஆனாலும் ஆர்9தான். எம்ஜிபி முழுவதற்கும் பெரும்பாலும் இரண்டு மீட்டருக்குள் முடிந்துவிடும். இதில் மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆர்7 தாங்கும் அழுத்தம் 50 பிஎஸ்ஐ, ஆர்9 தாங்குவது 100 பிஎஸ்ஐ. எம்ஜிபியின் எஸ்யூ என்ற மின்சார பெட்ரோல் பம்ப் தருவதோ சுமார் 3 பிஎஸ்ஐ. அப்புறம் எதற்கு ஆர்9 என்று மெக்கானிக் கேட்பார், நியாயமான கேள்வி. இந்தக் காரில் பார்க்க வேண்டியது அழுத்தம் அல்ல, உள்சுவர். ஆர்9 ஹோஸின் உள்ளே எஃப்கேஎம் எனப்படும் ஃப்ளோரோ ரப்பர் பூச்சு இருக்கும். ஆர்7-இல் பெரும்பாலும் நைட்ரைல் வகை ரப்பர். 2023 பிப்ரவரியில் தொடங்கி இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண நைட்ரைல் அதில் ஊறினால் முதலில் வீங்கிப் பெருக்கும், ரப்பரை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பசை கரைந்து வெளியேறும். வண்டி இரண்டு மாதம் ஷெட்டில் நின்று டியூப் காய்ந்தால் அதே ரப்பர் சுருங்கி விறைத்துவிடும். உப்பியபோது இறுக்கிய கிளாம்ப் அப்போது தளர்ந்து நிற்கும், கசிவு அங்கே ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஈசிஆரில் ஒரு ஓட்டம் போகும் வண்டிகள் தினமும் ஓடும் வண்டிகளைவிட அதிகம் ஒழுகுவது இதனால்தான்.

கசிவுக்கு முன்பே இன்னொரு தொல்லை வரும். உள்சுவர் உதிர்ந்து கரித்தூள் மாதிரி சிறு துகள்கள் கார்புரேட்டருக்குள் போகும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையின் நீடில் வால்வில் ஒரு துகள் மாட்டினால் போதும், வால்வு மூடாது, ஓவர்ஃப்ளோ குழாய் வழியே பெட்ரோல் கொட்டும். "நீடில் போயிடுச்சு" என்று கிட் வாங்கி மாற்றுவார்கள், ஒரு மாதத்தில் மறுபடியும் அதே கதை. ஃப்ளோட் மூடியைக் கழற்றி, அடியில் தேங்கியதை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் டேங்க் துரு. விரலில் தேய்த்தால் மை மாதிரி இழுபடும் கறுப்பு என்றால் ஹோஸ்.

எம்ஜிபியில் இது வெறும் தொந்தரவோடு நிற்காது. அதன் பி-சீரிஸ் இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மானிபோல்டும் ஒரே பக்கம், இடது பக்கம். மேலே ஒழுகும் பெட்ரோலுக்கும் கீழே கொதிக்கும் இரும்புக்கும் நடுவில் இருப்பது ஒரு தகட்டுக் கவசம் மட்டும். காசு குறைவாக இருந்தால் முதலில் மாற்ற வேண்டிய இடம் அதுதான்: இரும்புக் குழாயிலிருந்து கார்புரேட்டருக்கு ஏறும் ஹோஸ், இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் குட்டி ஹோஸ். அந்த இடத்தில் கண்ணாடி, பிளாஸ்டிக் ஃபில்டர் எதையும் தொங்கவிடாதீர்கள். அழகாகத்தான் இருக்கும். உடைந்தால் பெட்ரோல் நேரே மானிபோல்டில்.

அச்சை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், போலிச் சுருளும் உண்டு. முதலில் வெட்டு முகத்தைப் பாருங்கள். நல்ல ஆர்9-இல் மூன்று அடுக்கு தெரியும்: வெளி ரப்பர், நடுவே நூல் பின்னல், உள்ளே தனி வளையமாக மெல்லிய பூச்சு. உள்ளும் புறமும் ஒரே ரப்பராக இருந்தால் சுருளைத் திருப்பிக் கொடுங்கள். தயாரிப்புத் தேதியையும் தேடுங்கள். வாசல் வெயிலில் ஐந்தாறு கோடை தொங்கிய சுருளுக்கு எந்தத் தரக்குறியும் உதவாது. சந்தேகம் போகவில்லையா, விரல் நீளத் துண்டு ஒன்றை முதலில் வாங்கி, வெர்னியரில் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் பங்க் பெட்ரோலில் 48 மணி நேரம் ஊறப்போடுங்கள், வீட்டுக்கு வெளியே, நிழலில். எழுத்தில்லாத டியூபைப் போட்ட பாட்டிலில் பெட்ரோல் டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்து, டியூபும் தொளதொளவென்று உப்பியிருக்கும். ஆர்9-இல் வெளி ரப்பர் கொஞ்சம் நிறம் விட்டாலும், உள்பூச்சு உப்பவோ உதிரவோ கூடாது.

அளவு விஷயத்தில் கடைக்காரரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பிரிட்டிஷ் கார்களில் குழாய் முனைகள் அங்குலக் கணக்கு: கால் அங்குலம் என்றால் 6.35 மிமீ, 5/16 அங்குலம் என்றால் 7.9 மிமீ. 6 மிமீ ஹோஸ் கால் அங்குலக் குழாயில் இறுக்கமாக ஏறும், 8 மிமீ ஹோஸ் 5/16-க்குச் சரி. "எட்டையே போட்டு கிளாம்பை நல்லா இறுக்குங்க" என்ற யோசனையை மட்டும் கேட்காதீர்கள். பெரிய ஹோஸைச் சின்னக் குழாயில் நெரித்தால் ரப்பர் ஓரிடத்தில் மடிந்து சுருக்கம் விழும், பெட்ரோல் அந்தச் சுருக்கம் வழியே நூல் பிடித்தாற்போல வெளியே வரும்.

கிளாம்பும் ஹோஸுக்குச் சமமான செலவுக்குத் தகுதியானது. பட்டையில் துளையிட்ட புழு ஸ்க்ரூ கிளாம்ப் சின்ன ஹோஸை வட்டமாகப் பிடிக்காது, துளை விளிம்பு ரப்பரை அறுத்தும்விடும். உள்பக்கம் வழவழப்பாக, ஓரம் மடித்த, நட்டும் போல்ட்டும் போட்டு இறுக்கும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கிளாம்ப்தான் சரி. ஸ்டெயின்லெஸ் கேளுங்கள், கடலோரக் காற்றில் முலாம் பூசியது சீக்கிரம் துருப்பிடித்து, கழற்றும்போது போல்ட் முறியும். ஹோஸின் வெளிவிட்டம் அளக்காமல் கிளாம்ப் வாங்கப் போகாதீர்கள்.

மாட்டும் வேலை வெட்டவெளியில். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் பள்ளமான பிட்டுக்குள் இறங்கித் தேங்கும். பிட்டில் இந்த வேலையே கூடாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், குண்டு பல்பு விளக்கு வேண்டாம். ஹோஸைக் கூரான பிளேடால் நேராக ஒரே வெட்டு. ஹாக்ஸா போட்டால் அந்தத் தூளும் கார்புரேட்டருக்குத்தான் போகும். இரும்புக் குழாய் முனையின் துருவை நைஸ் எமரியால் எடுத்துத் துடைத்துவிட்டு, ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தொட்டு 25 மிமீ உள்ளே தள்ளுங்கள். கிரீஸ் வேண்டாம். கிளாம்ப் குழாய் முனையின் புடைப்பைத் தாண்டி உட்கார வேண்டும், புடைப்பின் மேலேயே அல்ல. ரப்பர் பட்டையின் இருபுறமும் லேசாகப் பிதுங்கும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆடும் என்பதால் ஹோஸை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள். ஆர்9-இன் ஒரே குறையும் இங்கேதான்: சுவர் தடிப்பு, சட்டென்று வளையாது. இரண்டு கார்புரேட்டருக்கும் நடுவே நெருக்கடியான இடத்தில் கட்டாயப்படுத்தினால் மடங்கி அடைத்துக்கொள்ளும்.

பின் வலது சக்கரத்தின் அருகே அடியில் இருக்கும் பம்பின் ஹோஸ்களைப் பலர் மறந்தே போகிறார்கள். டேங்குக்கும் பம்புக்கும் நடுவிலுள்ளது உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் சொட்டாமலே இருக்கலாம், பதிலாகக் காற்றை இழுக்கும்.

சோதிக்கும் கருவி வண்டியிலேயே இருக்கிறது. பேட்டரியை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். பம்ப் டிக்டிக்கென்று வேகமாக அடித்து, ஃப்ளோட் அறைகள் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால், டேங்கில் பெட்ரோல் இருக்கும்பட்சத்தில், உறிஞ்சும் பக்கம் காற்று. நின்ற பிறகு அடிக்கடி டிக் வந்தால் எங்கோ கசிவு இருக்கலாம், இல்லையென்றால் நீடில் விடலாம். டிஷ்யூ காகிதத்தை ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒற்றி எடுங்கள், ஈரம் கண்ணுக்குப் படும் முன் காகிதத்தில் படும்.

ஒரு எச்சரிக்கை, 1980-களின் இன்ஜெக்ஷன் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு. போர்ஷே 944 போன்றவற்றில் இன்ஜின் மேலுள்ள ஹோஸ்கள் இரும்பு முனையோடு கிரிம்ப் செய்து, அதாவது நெரித்து இறுக்கி வருபவை. அதை வெட்டி, ஆர்9 செருகி, கிளாம்ப் போடுவது வேலைக்கு ஆகாது. முழு ஹோஸாக வாங்குங்கள் அல்லது ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் பெட்ரோல் தாங்கும் ஹோஸ் கொடுத்து கிரிம்ப் போட்டு வாங்குங்கள். எம்ஜிபியில் மாட்டிய கிளாம்ப்களை ஒரு வாரம் ஓடிய பிறகு, இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது ரப்பர் அமர்ந்து கால் சுற்று இடம் கொடுத்திருக்கும்.