90-இல் வரும் இரைச்சல்: 94,000 கி.மீ. ஓடிய என் வண்டி

போன வாரம் மைத்துனன் திருச்சியிலிருந்து போன் செய்தான். "அத்தான், உங்க வண்டி மாதிரியே ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது. 2018 டீசல், மெட்ராஸ் வண்டி. எடுக்கலாமா?" அன்று காலையில்தான் மெக்கானிக்கிடமிருந்து வண்டியை எடுத்து வந்திருந்தேன். யோசிக்காமல் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். ஒற்றைச் சொல்லில் முடித்தது அவனுக்கு வருத்தம். அவனுக்கு விளக்கம் சொல்ல உட்கார்ந்து எழுதியதுதான் இது. இதே தொல்லையில் மாட்டிக்கொண்ட வேறு யாருக்காவது உதவினாலும் சந்தோஷம்.

வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. 94,000 கி.மீ. ஓடியும் கம்பெனியில் போட்ட கிளட்ச்தான் இன்னும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 21, 22 கொடுக்கிறது. மே மாத மதியத்தில் உளுந்தூர்பேட்டையைத் தாண்டும்போதும் ஏசி பின் சீட் வரை குளிரும். நடுவழியில் ஒருமுறைகூட நின்றதில்லை. என் கோபம் எல்லாம் ஒரு சத்தத்தின் மேல்தான், அதைவிட அந்தச் சத்தத்தை யாரும் காது கொடுத்துக் கேட்காததன் மேல்தான்.

2024 ஏப்ரல் வாக்கில் ஆரம்பித்தது. 60 கி.மீ. வேகம் வரை ஒன்றும் தெரியாது. 70-ஐத் தாண்டும்போது தரைக்கு அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று கிளம்பும். 90-இல் சின்ன விமானம் ஒன்று கூடவே பறந்து வருவதுபோல இருக்கும். வேகம் ஏறினால் சுருதியும் ஏறும், இறங்கினால் இறங்கும். முதலில் ரோட்டுச் சத்தம் என்று நினைத்துக் கண்ணாடியை இன்னும் இறுக்கமாக ஏற்றிப் பார்த்தேன். பின் சீட்டில் இருக்கும் அம்மா பேசுவது எனக்குக் கேட்காது, நான் சொல்லும் பதில் அவருக்குக் கேட்காது. செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் போவதற்குள் தலை கனத்துவிடும். இத்தனைக்கும் வண்டியில் வேறு எந்த மாற்றமும் இல்லை. ஸ்டியரிங் ஆடவில்லை, ஒரு பக்கம் இழுக்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார்கள். "ஆட்டமே இல்ல சார், பேரிங் நல்லா இருக்கு. இது டயர் சத்தம்" என்றார்கள். பேரிங் என்பது சக்கரம் உரசாமல் சுற்றுவதற்காக அதன் நடுவில் இருக்கும் குண்டு வளையம். டெஸ்ட் டிரைவ் என்று பக்கத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றினார்கள், அதிகபட்சம் 40. எழுபதுக்கு மேல் மட்டும் வருகிற சத்தத்தை நாற்பதில் எப்படிக் கேட்பது? "பைபாஸ் வரைக்கும் என்னோட வாங்க, பத்து நிமிஷம் போதும்" என்று மூன்று முறை கேட்டேன். யாரும் வரவில்லை. முன் டயர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்து 12,300 ரூபாய் ஆனது. வீட்டுக்கு வரும் வழியிலேயே 80-இல் அதே சத்தம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், அந்த டயர்கள் 42,000 கி.மீ. ஓடியவை. டயரின் வரிப்பள்ளம் இரண்டரை மில்லிமீட்டர்தான் மிச்சம் இருந்தது. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம் என்றாலும் மழைக்காலத்துக்கு முன்னால் மாற்றியது நல்லதுதான், பணம் வீண் இல்லை. ஆனால் நான் போனது டயர் மாற்ற இல்லையே!

அதற்கப்புறம் நானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குப் போனேன். நான் ஓட்ட வேண்டும், அவள் கேட்க வேண்டும். ஏசி, ரேடியோ எல்லாம் ஆஃப், கண்ணாடி முழுக்க மேலே.

முதலில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரான இடத்தில் 90-இல் நியூட்ரலுக்கு மாற்றினேன். இன்ஜினை அணைக்கவில்லை, அணைக்கவும் கூடாது. இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் சட்டென்று 800-க்கு இறங்கியது. இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. வண்டியின் வேகம் குறையக் குறையத்தான் அதுவும் குறைந்தது. ஆக, இன்ஜின் இல்லை, சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று.

இரண்டாவது, ரோடு மாறும்போது கவனித்தோம். டயர் சத்தம் என்றால் வழவழப்பான புதுத் தாரில் ஒரு மாதிரியும் சொரசொரப்பான பழைய தாரில் வேறு மாதிரியும் இருக்க வேண்டும். பேரிங் சத்தத்துக்கு ரோட்டைப் பற்றிக் கவலை இல்லை. "கொஞ்சம் மாறுது, ஆனா போகல" என்றாள் மனைவி. அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை நான் அன்றைக்கே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவதில்தான் பிடிபட்டது. காலியான பாதையில் 80-இல் ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கம் திருப்பினால் இரைச்சல் எகிறியது. இடப்பக்கம் திருப்பினால் அநேகமாக அடங்கிப்போனது. இந்த இடத்தில் பலர் தப்பான பக்கத்தைக் கழற்றுவார்கள். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்கள் மேல் சாய்கிறது. வலப்பக்கம் திருப்பும்போது கத்துவது இடது பேரிங். இரண்டு மூன்று முறை செய்து பார்த்தோம், சந்தேகமே இல்லை. என்னைவிட மனைவிக்குத்தான் தெளிவாகக் கேட்டது. "முன்னாடி, என் காலுக்குக் கீழ" என்று கை வைத்துக் காட்டினாள்.

தாம்பரம் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். பெரிய ஷெட் இல்லை, ஒரு லிஃப்ட்டும் ஒரு ஹைட்ராலிக் பிரஸ்ஸும் மட்டும்தான். நான் கண்டுபிடித்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாங்க சார், ஒரு ரவுண்டு போலாம்" என்று சாவியை வாங்கினார். இத்தனை மாதங்களில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். திரும்பி வந்ததும் வண்டியை லிஃப்டில் ஏற்றினார். "சார், ஸ்பிரிங் மேல கைய வைங்க" என்று சொல்லிவிட்டு இடது முன் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். ஸ்பிரிங்கில் நறநறவென்று ஒரு அதிர்வு, அம்மியில் கல் அரைபடுவதுபோல. வலது பக்கம் அதே மாதிரி செய்தபோது ஒன்றுமே இல்லை. இந்தச் சோதனைக்குக் கருவி வேண்டாம், அரை நிமிடம் போதும். "ஆட்டம் வந்தாத்தான் பேரிங் போச்சுன்னு இல்ல சார். மொதல்ல சத்தம்தான் வரும். ஆட்டம் வர்றதுக்குள்ள ரொம்ப தூரம் ஓடிடும்" என்றார். சர்வீஸ் சென்டரில் ஆட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னது ஏன் தப்பு என்று அப்போதுதான் புரிந்தது.

பழைய பேரிங்கைக் கழற்றி உள் வளையத்தைக் காட்டினார். கிரீஸ் பழுப்பாகக் கெட்டுப்போயிருந்தது. குண்டுகள் ஓடும் பாதையில் மணல் தெளித்ததுபோலத் துருக்குழிகள். 90 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 25 மீட்டர் போகிறது. என் டயர் அளவுக்குச் சக்கரம் நொடிக்குப் பதின்மூன்று முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் அந்தக் குழிகளில் ஏறி இறங்கினால் இரைச்சல் வராமல் என்ன செய்யும்?

"தண்ணில நின்னுதா?" என்று கேட்டார். நின்றது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது, மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒன்றரை நாள் நின்றது. வடிகால் இடப்பக்கம் என்பதால் அந்தப் பக்கச் சக்கரம்தான் அச்சு வரை மூழ்கியிருந்தது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, உடனே ஸ்டார்ட் ஆனது, தப்பித்தோம் என்று நினைத்தோம். பேரிங்கை மூடியிருக்கும் சீல் ரோட்டில் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். மணிக்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் தாங்கும் என்று நம்ப முடியாது. நான்கு மாதம் கழித்துத்தான் சத்தம் ஆரம்பித்தது என்பதால், இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

புதுப் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றவில்லை, பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்றினார். இதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், நீங்களும் பாருங்கள். சுத்தியல் அடி குண்டுகள் வழியாகப் போனால் புதுப் பாதையிலேயே பள்ளம் விழுந்து, சில ஆயிரம் கி.மீ.யில் அதே இரைச்சல் திரும்பிவிடும். இன்னொன்று, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீலில்தான் சென்சார் படிக்கும் காந்த வளையம் இருக்கும். திருப்பிப் போட்டுவிட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அவர் இரும்புத்தூள் எந்தப் பக்கம் ஒட்டுகிறது என்று பார்த்துத்தான் வைத்தார். அச்சு நட் புதுசு, அளவு பார்த்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் முடுக்கினார். கூலியோடு மொத்தம் 4,200 ரூபாய்.

சரி, முடிந்தது என்று நினைத்துப் பைபாஸ் ஏறினேன். பாதிக்கு மேல் போயிருந்தது. ஆனால் மீதி இருந்தது! இப்போது மெல்லிய 'வ்வ்வ்' ஒன்று, பின்னாலிருந்து. எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியை அங்கேயே ஓரம்கட்டிவிட்டேன். அப்போதுதான் மனைவி சொன்ன 'கொஞ்சம்' ஞாபகம் வந்தது. பின் டயரின் மேல் விரலை ஒரு திசையில் ஓட்டினேன், வழுக்கிக்கொண்டு போனது. எதிர்த் திசையில் ஓட்டினால் ரம்பப் பல் மாதிரி விரலைப் பிடித்தது. முன்சக்கர இழுவை வண்டியில் பின் டயர்கள் சும்மா உருளுகின்றன, பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுபடுகின்றன. டயரின் மேலிருக்கும் ஒவ்வொரு ரப்பர் கட்டையும் ஒரு ஓரமாகவே தேய்ந்து பல் விழும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. நான் 25,000 கி.மீ. மாற்றாமல் விட்டுவிட்டேன், அது என் தவறு. ஆனால் முன் டயர்களை மாற்றியவர்கள் பின் டயரில் ஒரு தடவை விரல் வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். டயர் என்று அவர்கள் சொன்னதும் பாதி சரி, பேரிங் என்று நான் நினைத்ததும் பாதி சரி.

மறுநாள் முன் பின் மாற்றிப் போட்டேன். சத்தமும் கூடவே முன்னால் வந்தது, சந்தேகம் தீர்ந்தது. புது டயர்கள் இப்போது பின்னால் இருக்கின்றன. ஈரச் சாலையில் வால் வழுக்காமல் இருக்க அதுதான் நல்லது. பழையதில் இன்னும் 4 மி.மீ. இருக்கிறது, முன்னால் இழுவையில் ஓடி அந்தப் பற்கள் மெல்லத் தேயட்டும். 600 கி.மீ.யிலேயே குறைந்தது தெரிகிறது. அம்மா பேசுவது கேட்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும், மைத்துனனுக்கு என் பதில் வேண்டாம்தான். நல்ல வண்டி, எனக்குப் பிடித்த வண்டி, நான் விற்கப் போவதில்லை. ஆனால் 2023 டிசம்பரில் சென்னையில் எந்தத் தெருவில் நின்றது என்று தெரியாத ஒரு வண்டியை அவன் வாங்கி, இந்த ஒரு வருடத்தை அவனும் படுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவன் கேட்கிற மாதிரி இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன், மனைவியும் வருகிறாள். வெளிவட்டச் சாலையில் 90 வரை ஓட்டிப் பார்க்க ஓனர் சம்மதிக்கவில்லை என்றால், சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.