கஹூட்டா, பிளிக்கர்ஸா, வெறும் அட்டையா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழி ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் பேசிப் படிக்க எது கைகொடுக்கும் என்று, விடை வாங்கும் இந்த மூன்றையும் வகுப்பில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

இப்படிப் பேசவிட்டு நடத்தும் வழி ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மாசூர் 1991-ல் தொடங்கியது. கேள்வி கேட்டு முதலில் தனித்தனியே விடை வாங்க வேண்டும். 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு மறுபடி விடை வாங்க வேண்டும். அதற்கும் கீழே என்றால் நாம்தான் திரும்ப நடத்த வேண்டும்.

கஹூட் என்பது போனிலோ லேப்டாப்பிலோ விடையை அழுத்தும் வினாடி வினா. அதில் உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் சீக்கிரம் அழுத்தினால் கூடுதல் புள்ளி. அதனால் கேள்வியை முழுசாகப் படிக்காமலே அழுத்துகிறார்கள். பக்கத்தில் இருப்பவன் போட்டியாளன் ஆகிவிட்டால் அவனுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது என்பதால் லேப்டாப்புக்கு நாலு பேராக உட்கார வைத்தேன். கை வைத்தது ஒருவன்தான். பரீட்சைக்கு முந்தைய திருப்புதலுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பிளிக்கர்ஸில் போன் ஆசிரியரிடம் மட்டும். பிள்ளைக்கு ஒரு அச்சட்டை. தூக்கிப் பிடித்த அட்டைகளை ஆசிரியரின் போன் கேமரா படித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுவே விடை. ஒவ்வொரு அட்டையும் வேறு வடிவம், எழுத்தும் பொடிசு. அடுத்தவனைப் பார்த்து எழுத வழியில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம். மேலே எறிந்த கல் உச்சியில் இருக்கும்போது முடுக்கம் என்ன என்று கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் 'சுழி' என்றார்கள், முதல் ரேங்க் பையனும் சேர்த்து. பேசச் சொன்னதும் பின் பெஞ்சுப் பெண் அவனிடம் கேட்டாள்: "முடுக்கமும் இல்லைன்னா கல்லு அங்கயே நின்னுக்குமில்ல? அப்புறம் எப்படிடா கீழ வரும்?" அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அட்டையைத் திருப்பிப் பிடித்தான்.

வெறும் அ, ஆ, இ, ஈ அட்டைக்குச் செலவே இல்லை, நெட்டும் வேண்டாம். கெடுப்பது ஒன்றுதான்: கெட்டிக்காரன் எதைத் தூக்குகிறான் என்று எல்லாக் கண்ணும் அங்கே போகும். கண்ணை மூடி, அட்டையை நெஞ்சோடு பிடிக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. எண்ணிக்கை மட்டும் கண் மதிப்புதான்.

2009-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்றில், குழுவில் ஒருவருக்குமே முதலில் விடை தெரியாதபோதும் பேசிய பிறகு தேறியிருக்கிறார்கள். ஆகவே பேச்சுக்கு இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். அதற்குள் சரியான விடையைக் காட்டிவிடாதீர்கள்.

பிளிக்கர்ஸ் அட்டையை லேமினேட் பண்ணினால் பளபளப்பில்லாத உறையாகக் கேளுங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னினால் போன் கேமராவுக்குப் பிடிபடாது.