எம்பெட் செய்த குறிப்பை அங்கேயே திருத்த எது நல்லது: லாக்சீக்கா, ஆப்சிடியனா, நோஷனா?

லாக்சீக், ஆப்சிடியன், நோஷன் மூன்றும் குறிப்பெழுதும் செயலிகள். ஒரு பக்கத்தில் எழுதியதை இன்னொரு பக்கத்திலும் அப்படியே தெரியவைப்பதுதான் எம்பெட். ஒரே குறிப்பு நாலைந்து பக்கங்களில் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் இந்த அலசல். தனித்தனியாக எழுதிவைத்து, வேண்டும்போது தேடி எடுத்துக்கொள்கிறவர்களுக்கு மூன்றில் எது என்றாலும் போதும். படம் ஒட்டுவது, டேக் போடுவது, தேடுவது எல்லாம் மூன்றிலும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

என் தேவை ஏலக்காய்த் தோட்டத்தில் வந்தது. வீடு கம்பத்தில், தோட்டம் கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம், துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். எப்போது கவாத்து எடுத்தோம், எப்போது மருந்து அடித்தோம், எவ்வளவு பச்சைக்காய் வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக வருவது மருந்துக் கலவை. மழைக்கு முன்னால் அழுகல் நோய்க்காக அடிக்கிற ஒரு சதவீத போர்டோ கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்துத்தான் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கிப் பார்க்கிறோம். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் விட வேண்டும். இதை ஒவ்வொரு பக்கத்திலும் நகல் எடுத்து ஒட்டினால், ஒன்றில் திருத்தியது மற்றதில் பழையபடியே கிடக்கும். ஒரே இடத்தில் எழுதி, மற்ற பக்கங்களில் எம்பெட் செய்வதுதான் வழி.

இதுவரை மூன்றும் செய்யும். வித்தியாசம் திருத்தும்போதுதான் தெரிகிறது.

திருத்தம் எங்கே தோன்றுகிறது என்று யோசித்துப் பாருங்கள். "போர்டோ கலவை" என்ற மூலப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. நான் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டு அன்றைக்கு அடிக்கிற துண்டின் பக்கத்தைத்தான் போனில் பார்க்கிறேன். இந்த முறை வந்த சுண்ணாம்பு வீரியம் இல்லை, கூடுதலாகப் பிடிக்கிறது என்பது அங்கேதான் தெரிகிறது. கண் முன்னால் இருக்கிற அந்த வரியிலேயே விரலை வைத்து எழுத முடிந்தால் எழுதிவிடுவேன். வேறு பக்கத்தைத் திறந்து, அதில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, எழுதிவிட்டுத் திரும்பி வர வேண்டுமென்றால் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். சாயங்காலம் ஸ்டோரில் காய் உலர்த்துகிற வேலை காத்திருக்கும். பொதுக் குறிப்பு இப்படித்தான் பழசாகிறது. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான். மற்ற எல்லா வசதியும் இதற்கு அப்புறம்தான்.

இது புதிய சிக்கலும் இல்லை. வேர்டு கோப்பில் எக்செல் அட்டவணையைச் செருகி, அதை இரட்டைக் கிளிக் செய்து அங்கேயே திருத்துகிற வசதியை மைக்ரோசாஃப்ட் 1993-இலேயே கொடுத்துவிட்டது. ஆனால் அப்படிச் செருகியது ஒரு நகல். மூல எக்செல் கோப்புக்கு அந்தத் திருத்தம் போகாது. மூலத்தோடு இணைப்பு வைத்துச் செருகினால், திருத்துவதற்கு எக்செல் தனியாகத் திறந்துகொள்ளும். முதல் வகையில் அங்கேயே திருத்தலாம், ஆனால் மூலம் மாறாது. இரண்டாவது வகையில் மூலம் மாறும், ஆனால் அங்கேயே திருத்த முடியாது. நமக்கு வேண்டியது இரண்டும் சேர்ந்தது.

ஆப்சிடியன் இந்தக் கணக்கில் இரண்டாவது வகை. ஆச்சரியக்குறி போட்டு, இரட்டைச் சதுர அடைப்புக்குள் குறிப்பின் பெயரை எழுதினால் அது அழகாக வந்து உட்கார்ந்துவிடும். முழுக் குறிப்பையும் கொண்டுவரலாம், ஒரு தலைப்பின் கீழ் உள்ளதை மட்டும், ஏன், ஒரு பத்தியை மட்டும்கூடக் கொண்டுவரலாம். ஆனால் படிக்கத்தான் முடியும். திருத்த வேண்டுமென்றால் எம்பெட்டின் மேல் மூலையில் இருக்கிற இணைப்புக் குறியைத் தட்டி மூலத்துக்குப் போக வேண்டும். கேன்வாஸ் என்ற பலகையில் வைக்கிற குறிப்பு அட்டைகளை அங்கேயே திருத்தலாம் என்பது உண்மை. பெரிய திரையில் அது அருமையாக இருக்கிறது, போனில் எனக்குக் கைக்கு வரவில்லை. மற்றவர்கள் எழுதிய பிளகின்கள் (செயலியோடு சேர்த்துக்கொள்கிற துணை நிரல்கள்) சில இந்தக் குறையைத் தீர்க்கின்றன. அவற்றை நான் நம்பி இறங்கவில்லை. தோட்டக் குறிப்பு வருஷக்கணக்கில் இருக்க வேண்டியது. பிளகினை எழுதியவருக்கு நேரம் இல்லாமல் போனால் என் வேலை முறையே மாறிவிடும்.

அக்கா பையன் கோயம்புத்தூரில் படிக்கிறான், ஆப்சிடியன் பக்தன். "மாமா, மூலத்துக்குப் போய்த் திருத்துறதுதான் பாதுகாப்பு. எதைத் திருத்துறோம்னு தெரிஞ்சே திருத்துவோம்" என்பான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எம்பெட்டுக்குள் கை வைத்தால் எல்லாப் பக்கங்களிலும் மாறும். ஒரு துண்டுக்கு மட்டும் பொருந்துகிற குறிப்பை அதற்குள் எழுதிவிட்டால் மற்றத் துண்டுகளுக்கும் அது தப்பான தகவலாகப் போய் நிற்கும்.

நோஷன் இதைக் கையாள்கிற விதம் நன்றாக இருக்கிறது. சிங்க்டு பிளாக் என்று பெயர். அதற்குள் போனதும் சுற்றிச் சிவப்புக் கோடு வரும், எத்தனை பக்கங்களில் இது இருக்கிறது என்றும் காட்டும். ஒரு பக்கத்தில் மட்டும் இணைப்பை அறுத்துத் தனியாக்கவும் முடியும். எம்பெட்டை எச்சரிக்கையோடு திருத்தவிடுவதில் மூன்றில் இதுதான் தெளிவு. ஆனால் மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். நோஷன் ஆஃப்லைன் வசதியைக் கொண்டுவந்ததே 2025 ஆகஸ்டில்தான்; அதிலும் பக்கங்களை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்திருக்க வேண்டும். அந்த வசதி வந்த பிறகு நான் அதைத் தோட்டத்தில் வைத்து நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். எப்போதும் இணையம் இருக்கிற அலுவலகம், பத்துப் பேர் சேர்ந்து எழுதுகிற இடம் என்றால் நோஷன்தான்.

லாக்சீக்கில் எல்லாமே புல்லட் வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு பிளாக். ஒரு பிளாக்கை அதன் கீழ் உள்ள கிளை வரிகளோடு இன்னொரு பக்கத்தில் எம்பெட் செய்தால், அங்கேயே தட்டி, அங்கேயே எழுதலாம். கீழே புது வரி சேர்க்கலாம். எழுதுவது மூலக் கோப்பில்தான் பதிகிறது. பிளகின் எதுவும் வேண்டாம், போனிலும் அப்படியேதான். வெறும் பிளாக் ரெஃபரன்ஸாக, அதாவது அந்த வரியைச் சுட்டிக்காட்டுகிற இணைப்பாக மட்டும் கொண்டுவந்தால் அங்கே திருத்த முடியாது, தட்டினால் மூலத்துக்குப் போய்விடும். புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். எம்பெட் என்று தேர்ந்தெடுத்துக் கொண்டுவர வேண்டும்.

அக்கா பையன் சொல்கிற ஆபத்துக்கு லாக்சீக்கில் ஒரு பழக்கம் போதும். எல்லாத் துண்டுக்கும் பொருந்துவதை எம்பெட்டுக்குள் எழுத வேண்டும். இந்தத் துண்டுக்கு மட்டும் என்பதை எம்பெட்டுக்கு வெளியே, அடுத்த வரியாக எழுத வேண்டும். "இந்த வண்டிச் சுண்ணாம்பு வீரியம் குறைவு, கத்தி பார்த்து விடவும்" என்பது உள்ளே போகும். "ஓடைப்பக்கம் மேலும் ஒரு தரம் அடிக்க வேண்டும்" என்பது வெளியே. எல்லாம் வரி வரியாக இருப்பதால் இந்தக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. நீளமான பத்திகளுக்குள் இதைப் பிரிப்பது கஷ்டம்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லாக்சீக்கில் ஒரு பிளாக்கை எம்பெட் செய்தால், கோப்பில் அந்த இடத்தில் நீளமான எண்ணும் எழுத்தும் கலந்த ஓர் அடையாளம்தான் பதிகிறது. நாளைக்கு வேறு செயலியில் அந்தக் கோப்பைத் திறந்தால் எது எதைக் குறிக்கிறது என்று மனிதக் கண்ணுக்குப் புரியாது. ஆப்சிடியனில் குறிப்பின் பெயரே நிற்கும். இதில் அது உறுதியாக மேல். நான் செய்வது இதுதான்: பொதுக் குறிப்பு ஒவ்வொன்றையும் தனிப் பக்கமாகவே வைத்து, பிளாக்காக இல்லாமல் பக்கமாக எம்பெட் செய்கிறேன். அப்போது கோப்பிலும் "போர்டோ கலவை" என்று பெயரே இருக்கும், திருத்துவதும் முன்போலவே அங்கேயே நடக்கும். லாக்சீக்கில் தொடங்குகிறவர்கள் முதல் நாளிலிருந்தே இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மாற்றுவது பெரிய வேலை.

இன்னொன்று, போனுக்கும் கணினிக்கும் கோப்புகளை ஒத்திசைக்கிறவர்களுக்கு. ஒரு துண்டின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு எம்பெட்டுக்குள் எழுதினால் மாறுவது அந்தப் பக்கத்தின் கோப்பு இல்லை, கலவையின் கோப்பு. ஒத்திசைவு முடிவதற்குள் இரண்டு கருவியிலும் எழுதினால் மோதல் வருவதும் அந்தக் கோப்பில்தான். பழைய வரி எங்கே போனது என்று தேடும்போது முதலில் மூலப் பக்கத்தைப் பாருங்கள்.

விலையில் பெரிய பேச்சு இல்லை. லாக்சீக் இலவசம், ஓப்பன் சோர்ஸும்கூட. ஆப்சிடியனும் இலவசம், 2025-லிருந்து தொழிலுக்குப் பயன்படுத்தவும் கட்டாய உரிமக் கட்டணம் இல்லை. ரோம் ரிசர்ச் என்ற இன்னொரு செயலியிலும் எம்பெட்டை அங்கேயே திருத்தலாம், ஆனால் மாதச் சந்தா கட்ட வேண்டும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

லாக்சீக்கில் எனக்கு இருக்கிற ஒரே கவலை அதன் அடுத்த கட்டம். மார்க்டவுன் கோப்புகளுக்கு (எதிலும் திறக்கிற வெறும் எழுத்துக் கோப்புகள்) பதிலாக எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் இயங்குகிற பதிப்பை அவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோப்பு என் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் வந்தவன் நான். அதனால் தோட்டக் கணக்கு இப்போதைக்குக் கோப்புப் பதிப்பிலேயே இருக்கும். கட்டுரை, பாடக்குறிப்பு என்று பத்தி பத்தியாக எழுதி, எம்பெட்டைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்கிறவராக இருந்தால், அக்கா பையன் சொல்கிற ஆப்சிடியனையே எடுத்துக்கொள்ளுங்கள்.