மென்கவசமா, தகடா? கவச உடை வாங்குவோர் தவறாகப் புரிந்துகொள்பவை

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டனை பெறாத வயதுவந்தோர் கவச உடை வாங்கத் தடையில்லை. அவர்களில் பலரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்வது ‘குண்டு துளைக்காத’ என்னும் அடைமொழிதான். எந்தக் குண்டு என்ற கேள்வியை அது மறைத்துவிடுகிறது.

கெவ்லார் போன்ற இழைகளைப் பல அடுக்குகளாக அமைத்துச் செய்யும் மென்கவசம், சட்டைக்குள் அணியத்தக்கது. அமெரிக்கத் தேசிய நீதி நிறுவனம் 2008இல் வெளியிட்ட தரவரிசையில் மென்கவசத்துக்கான உச்சம் 3ஏ நிலை; .44 மேக்னம் உள்ளிட்ட கைத்துப்பாக்கிக் குண்டுகளை அது தடுக்கும், ஆனால் ரைஃபிள் குண்டைத் தடுக்காது. 3ஏ என்பது 3ஐ விட உயர்ந்தது என்று நம்பி வாங்குவோர் உண்டு; உண்மையில் 3ஆம் நிலைதான் ரைஃபிளுக்கானது. இந்தக் குழப்பம் தீரும் வகையில், 2023இல் வந்த புதிய தரநிலை, கைத்துப்பாக்கி, ரைஃபிள் என்று பிரித்தே பெயரிட்டிருக்கிறது. கத்திக்குத்துக்கோ முற்றிலும் தனியான தரநிலை உண்டு. குண்டைத் தடுக்கும் இழைநெசவின் ஊடே கூரிய முனை நுழைந்துவிடக்கூடும்.

ரைஃபிள் குண்டைத் தடுக்க அணியும் கடினமான தகடுகளில் எஃகு மலிவானது, நீண்ட நாள் உழைப்பது. ஆகவே அதுவே சிக்கனம் என்று தோன்றும். ஆனால் எஃகில் மோதிச் சிதறும் குண்டின் துணுக்குகள் தகட்டின் பரப்பை ஒட்டியே பாய்ந்து அணிந்தவரின் கழுத்தையும் தாடையையும் கைகளையும் தாக்கக்கூடும் என்பதால், மேற்பூச்சு இருந்தாலும் எஃகுத் தகட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பீங்கான் தகடு, தான் நொறுங்குவதன் மூலம் குண்டின் முனையை உடைத்து, பின்னுள்ள இழை அடுக்கில் அதைப் பிடித்துக்கொள்கிறது. கவசம் துளைக்கும் குண்டையும் தடுக்கும் 4ஆம் நிலையைப் பெரும்பாலும் இத்தகைய தகடுகளே எட்டுகின்றன. கீழே போட்டால் விரிசல் விழலாம் என்பது அவற்றின் குறை. பாலிஎத்திலீன் என்னும் நெகிழியால் ஆன தகடு மிக இலகுவானது என்றாலும், எஃகு முனை கொண்ட சில குண்டுகளுக்கு ஈடுகொடுக்காது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைக்கவும் கூடாது.

குண்டு நின்றுவிட்டால் காயமே இராது என்பதும் தவறு. சோதனையில் கவசத்தின் பின்னுள்ள களிமண்ணில் 44 மி.மீ. வரை குழிவு அனுமதிக்கப்படுகிறது. மனித உடலில் அத்தகைய அடி விலா எலும்பை முறிக்கலாம்.

மென்கவசத்துக்கு வழக்கமாக ஐந்தாண்டு உத்தரவாதமே தரப்படுகிறது. சைலான் இழையால் ஆன கவசங்கள் எதிர்பார்த்ததைவிட விரைவாக வலுவிழந்தது தெரியவந்தபின், 2005இல் தேசிய நீதி நிறுவனம் அவற்றுக்கான அங்கீகாரத்தை நிறுத்தியது. ஆகவே பழைய மென்கவசத்தை மலிவாக வாங்குவோர், தைக்கப்பட்ட முத்திரைச் சீட்டில் நிலையை மட்டுமல்லாமல் தயாரிப்புத் தேதியையும் பார்க்க வேண்டும்.