பேழைக்குள் ஒன்று, பைக்குள் ஒன்று: கலைஞர் புத்தகத்துக்கு எந்த வடிவம்?

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ‘ஜாஸ்’ புத்தகத்தை நான் பார்த்தது ஒரு கண்ணாடிப் பேழைக்குள். விரித்து வைத்த பக்கங்கள் மட்டும் தெரிந்தன. வண்ணத்தாளை வெட்டி ஒட்டிய உருவம் ஒரு புறம், தூரிகையால் எழுதிய பெரிய கையெழுத்து மறு புறம். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறதென்று தெரிந்துகொள்ள வழியில்லை. காப்பாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1947இல் பதிப்பாளர் தெரியாட் வெளியிட்ட அந்தப் பதிப்பில் 250 பிரதிகள்தான். வருகிறவர் எல்லோரும் புரட்டினால் பத்து வருடம்கூடத் தாங்காது. ஆனாலும், புரட்டுவதற்கென்றே செய்த ஒன்றைப் புரட்ட முடியாமல் நின்றது இன்றுவரை உறுத்துகிறது.

கலைஞர் புத்தகம் என்பது கலையைப் பற்றிய புத்தகம் அல்ல, ஓவியங்களின் தொகுப்பும் அல்ல. புத்தகமே அங்கே படைப்பு. தாளின் கனம், மடிப்பு, பக்க வரிசை, ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குப் போக எடுக்கும் நேரம் என எல்லாம் சேர்ந்ததுதான் அது. இப்படி ஒன்றைச் செய்ய நினைப்பவர் முன்னால் இன்று பல வழிகள் கிடக்கின்றன: கையால் அச்சிட்ட சிறு பதிப்பு, பிளேட் வைத்து இயந்திரத்தில் மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட், ரிசோகிராஃப் என்ற நகலெடுப்பு இயந்திரம், கேட்கும்போது மட்டும் அச்சிட்டுத் தரும் பிரிண்ட் ஆன் டிமாண்ட், திரை. இவற்றை ஒப்பிட நான் வைத்திருக்கும் கேள்விகள் மூன்று. வாசகரின் கைக்குப் போய்ச் சேருமா? சேர்ந்த பிறகு அந்தக் கைக்கு ஏதாவது வேலை இருக்கிறதா? செய்தவர் இல்லாத காலத்திலும் யாருடைய உதவியும் இல்லாமல் திறக்குமா?

மடிப்புப் புத்தகங்கள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகப் புரியும். இரண்டுமே பயணத்தைப் பற்றியவை.

முதலாவது, 1913இல் கவிஞர் பிளேஸ் சாந்த்ராரும் ஓவியர் சோனியா தெலோனேயும் சேர்ந்து செய்த சைபீரிய ரயில் கவிதை. விரித்தால் 2 மீட்டர் நீளம். வலப்புறம் பல வகை எழுத்துருக்களில் கவிதை இறங்கி வருகிறது, இடப்புறம் தெலோனேயின் நிறங்கள் கூடவே இறங்குகின்றன. நிறங்களை வெட்டுத்தகடு வைத்து, ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாகக் கையால் பூசினார்கள். 150 பிரதிகள் போட்டு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் ஈஃபிள் கோபுரத்தின் உயரம் வரும் என்பது திட்டம். அத்தனையும் செய்து முடிக்கப்படவில்லை.

இரண்டாவது, 1966இல் அமெரிக்கக் கலைஞர் எட் ருஷே செய்த ‘சன்செட் ஸ்ட்ரிப்பின் ஒவ்வொரு கட்டடமும்’. லாஸ் ஏஞ்சலிஸின் ஒரு சாலை, அதன் இரு பக்கக் கட்டடங்கள், ஏறக்குறைய ஏழரை மீட்டர் நீளத்துக்கு விசிறி மடிப்பில். மேல் விளிம்பில் சாலையின் ஒரு பக்கம் ஓடுகிறது. கீழ் விளிம்பில் மறுபக்கம், தலைகீழாக. நடுவே வெற்றுத்தாள். அந்த வெற்றிடம்தான் சாலை. மறுபக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் புத்தகத்தையே திருப்பிப் பிடிக்க வேண்டும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதைப் போல. அச்சு சாதாரண ஆஃப்செட்தான். கைப்பூச்சு கிடையாது, விலையுயர்ந்த தாள் கிடையாது.

தெலோனேயின் தாள் கண்ணுக்கு வைத்த விருந்து. மேலிருந்து கீழே ஒரே மூச்சில் பார்க்கலாம், சுவரில் மாட்டினாலும் பெரிதாக எதுவும் குறையாது. ருஷேவின் தாளைச் சுவரில் மாட்டினால் பாதி செத்துவிடும். அது கைக்கு வேலை கொடுக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, எளிய பொருட்களால் ஆன இரண்டாவதை நான் பெரிய புத்தகம் என்பேன்.

இதனால் கைவேலைப் பதிப்பை ஒதுக்குகிறேன் என்று பொருளில்லை. ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் 1780களின் இறுதியில் செம்புத் தகட்டில் எழுத்தையும் படத்தையும் ஒன்றாக வடித்து, தானே அச்சிட்டு, மனைவி கேதரினோடு சேர்ந்து நிறம் தீட்டினார். பதிப்பாளர், அச்சகம், ஓவியர், கவிஞர் என்ற பிரிவே அங்கே இல்லை. ஒரு பிரதியைப் போல இன்னொன்று இருக்காது. தாள், மை என்ற பொருட்களே யோசிக்கும் வகைப் புத்தகத்துக்கு இன்றும் இதைவிட்டால் வேறு வழியில்லை. கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு மட்டும் தெரியும் ஈய எழுத்தின் அழுத்தம், தானாகச் சுருளும் தாள், பிரித்தால் கொடிகளைப் போல எதிரெதிராக விரியும் புத்தகக் கலைஞர் ஹெடி கைலின் கொடிக் கட்டு போன்றவற்றை எந்த இயந்திரமும் தானாகச் செய்து தராது. ஆனால் 1900இல் பாரிஸின் கலை வணிகர் அம்புவாஸ் வொலார், கவிஞர் வெர்லேனின் கவிதைகளுக்கு ஓவியர் பொன்னாரைக் கல்லச்சுப் படம் வரையச் செய்து பதிப்பித்தார் அல்லவா, அந்த மரபு இன்று பெரும்பாலும் சேகரிப்பாளருக்கான பொருளாக நின்றுவிட்டது. என் முதல் கேள்வியிலேயே அது விழுந்துவிடுகிறது.

ஆஃப்செட் அந்தக் கதவைத் திறக்கத்தான் வந்தது. ருஷே தன் முதல் புத்தகத்தை, 26 பெட்ரோல் நிலையங்களின் புகைப்படங்களை, 1963இல் 400 பிரதிகள் போட்டுச் சில டாலர்களுக்கு விற்றார். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் அதை ஏற்க மறுத்தது. அந்த மறுப்பையே அடுத்த ஆண்டு ஒரு கலை இதழில் விளம்பரமாகப் போட்டார். 1969இல் வந்த மூன்றாம் பதிப்பு 3000 பிரதிகள். அரிதான பொருளாக ஆகிவிடக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி. 1976இல் கலைஞர் சோல் லெவிட், விமர்சகர் லூசி லிப்பார்ட் முதலானோர் நியூயார்க்கில் கலைஞர் புத்தகங்களுக்கென்றே பிரிண்டட் மேட்டர் என்ற அமைப்பைத் தொடங்கியதும் இதே நம்பிக்கையில்தான். இத்தகைய புத்தகங்கள் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்க வேண்டும் என்று லிப்பார்ட் ஆசைப்பட்டார்.

அது நடக்கவில்லை. பிழை அச்சில் இல்லை, விநியோகத்தில் இருந்தது. ஆஃப்செட்டில் பிளேட் செய்து இயந்திரத்தை ஓட்டத் தயார்செய்யும் செலவு 50 பிரதிக்கும் ஒன்றுதான், 1000 பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் தேவைக்கு மேல் அச்சிட நேர்கிறது. விற்காதவை கட்டிலுக்கடியில் அடுக்கப்படுகின்றன. இன்னொரு பக்கம், விற்றுத் தீர்ந்தவை அரிதாகி ஏலத்துக்குப் போகின்றன. ருஷேவின் அந்த எளிய புத்தகங்களும் இன்று பேழைக்குள்தான் இருக்கின்றன, மத்தீஸுக்குப் பக்கத்திலேயே.

இந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்ததுதான் ரிசோகிராஃப். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் சுற்றறிக்கை அடிக்க ஜப்பானில் செய்த நகலெடுப்பு இயந்திரம் அது. வெப்பத்தால் நுண்துளையிட்ட ஒரு மாஸ்டர் தாள் மை நிரம்பிய உருளையைச் சுற்றிக்கொள்ளும், துளை வழியே மை தாளில் இறங்கும். ஒரு உருளைக்கு ஒரு நிறம். இரண்டாம் நிறம் வேண்டுமானால் உருளையை மாற்றி அதே தாளை மறுபடி ஓட்ட வேண்டும். 100, 200 பிரதிகளுக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது.

நான் செய்த முதல் 16 பக்கப் புத்தகம் இதில்தான். இரண்டாவது ஓட்டத்தில் நீலம் ஒரு மில்லிமீட்டர் விலகி விழுந்தது. வரைந்த கோட்டுக்கு ஒரு நிழல் வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு மீதிப் பக்கங்களின் படங்களை அந்த விலகலை மனதில் வைத்தே மாற்றி வரைந்தேன். இயந்திரம் படைப்புக்குள் நுழைந்த தருணம் அது. மை முழுதாகக் காய்வதில்லை, படித்தவர் விரலில் கொஞ்சம் ஒட்டும். எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. கவலையெல்லாம் வேறு: பளிச்சென்ற ரோஸும் நீலமும் சேர்ந்த அந்த மணல்மணலான தோற்றம் இப்போது ஒரு பாணியாகிவிட்டது. புத்தகத்துக்குத் தேவையே இல்லாதபோதும் தோற்றத்துக்காகவே ரிசோவைத் தேடிப் போகிறார்கள். அப்போது அது வெறும் அலங்காரம்.

பிரிண்ட் ஆன் டிமாண்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கையிருப்புச் சுமை இல்லை, ஒரே ஒரு பிரதிகூட அடிக்கலாம். தாளும் அளவும் கட்டும் அவர்கள் கொடுக்கும் பட்டியலில் உள்ளவைதான். விசிறி மடிப்பு கேட்டால் கிடைக்காது, பசைக்கட்டு தட்டையாகத் திறக்காது. எண்ணிக்கையே கருவாக இருக்கும் படைப்புக்கு மட்டும் இது அற்புதமான கருவி. கலைஞர் மைக்கேல் மாண்டிபெர்க் 2015இல் ஆங்கில விக்கிப்பீடியா முழுவதையும் 7,473 தொகுதிகளாக்கி அச்சுச் சேவைத் தளத்தில் ஏற்றினார். கண்காட்சிக்காக அச்சானவை அதில் ஒரு சிறு பங்குதான். மீதி, யாராவது கேட்டால் பிறக்கும். அச்சாகாத நிலையே அந்தப் படைப்பின் பொருளாகிவிட்டது.

திரைக்கு வருவோம். 1992இல் வந்த ‘அக்ரிப்பா’ என்ற கலைஞர் புத்தகத்தில் எழுத்தாளர் வில்லியம் கிப்சனின் கவிதை, அன்றைய கணினிகளில் செருகும் ஃப்ளாப்பி வட்டு ஒன்றில் இருந்தது. ஒரு முறை ஓடி முடிந்ததும் தன்னைத்தானே படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். கவிதையின் வரிகள் விரைவிலேயே இணையத்தில் பரவிவிட்டன. செய்தவர்கள் மறைய வைக்க நினைத்தது தங்கிவிட்டது, தங்கும் என்று எல்லோரும் நம்பிய ஃப்ளாப்பி இயக்கி மேசைகளிலிருந்து மறைந்துவிட்டது. அதேபோல, 2020 டிசம்பர் 31உடன் இணையப் பக்கங்களில் அசைபடம் ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு நின்றபோது, அதை நம்பிச் செய்த எத்தனையோ படைப்புகள் திறக்காமல் போயின. க்யூஆர் குறியீட்டை அச்சிட்டு, அதன் வழியே அசையும் படத்தைக் காட்டும் புத்தகங்களுக்கும் இதே கதிதான் காத்திருக்கிறது. எங்கோ ஒரு சர்வருக்கு யாரோ வாடகை கட்டும் வரைதான் அவை முழுப் புத்தகம்.

திரை நன்றாக உதவிய இடமும் உண்டு. ஓவியர் டாம் பிலிப்ஸ் 1966இல் ஒரு பழைய விக்டோரிய நாவலை எடுத்து, பக்கம் பக்கமாக வண்ணம் தீட்டி, சில சொற்களை மட்டும் மறைக்காமல் விட்டு வேறொரு கதையை வெளியே கொண்டுவந்தார். ‘எ ஹ்யூமுமென்ட்’ என்ற அந்தப் புத்தகத்தை ஐம்பது ஆண்டுகள் மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசிப் பதிப்பு 2016இல் வந்தது. நடுவில் 2010இல் ஐபேடுக்கும் வந்தது. பின்னொளியில் அந்த நிறங்கள் தாளில் இல்லாத வகையில் சுடர்ந்தன. ஆனால் தாளில் ஏற்கெனவே உயிரோடு இருந்த ஒன்றுக்குக் கிடைத்த இன்னொரு வீடு அது. திரை மட்டுமே வீடு என்றால் நான் பயப்படுவேன்.

என் அளவுகோலை நானே சந்தேகிக்க வைக்கும் ஒரு படைப்பும் இருக்கிறது. கலைஞர் கேட்டி பேட்டர்சன் 2014இல் நார்வேயின் ஆஸ்லோ அருகே 1000 மரக்கன்றுகளை நட்டார். ஆண்டுக்கு ஓர் எழுத்தாளர் அச்சாகாத படைப்பு ஒன்றின் மூலப்பிரதியைக் கொடுக்கிறார். யாரும் படிக்காமல் அவை காத்திருக்கும். 2114இல் அந்த மரங்களில் செய்த தாளில் அச்சாகும். இன்று வாழ்பவர்களில் அநேகமாக எவர் கைக்கும் அது வராது. முதல் கேள்வியில் முற்றாகத் தோற்கிறது. ஆனாலும் நூறு ஆண்டுக்குப் பின் தாள் இருக்கும், அதை மடித்துத் தைக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார், படிக்க ஒருவர் வருவார் என்று அது வைக்கும் நம்பிக்கை என்னைக் கலங்கவைக்கிறது.

என் அடுத்த புத்தகத்துக்கு முடிவெடுத்துவிட்டேன். ரிசோவில் இரண்டு நிறம், விசிறி மடிப்பு, 150 பிரதிகள். அட்டையின் எழுத்தை மட்டும் ஈய எழுத்தில் கோத்துக் கையால் அழுத்தப் போகிறேன். எண் போட மாட்டேன், கையெழுத்தும் போட மாட்டேன். தீர்ந்துவிட்டால் அதே மூலத்தை வைத்து மறுபடி அடிப்பேன். ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினால் வளைந்துதான் போய்ச் சேரும். பரவாயில்லை, மடிப்பைப் பிரித்தால் நிமிர்ந்துவிடும்.